பதினேழாவது கேள்வி

ஜன்னல் பக்கம் நீங்களே இருங்க சார். எனக்கு இந்த ஓரம் போதும். காலை நீட்டிக்கலாம், வேணும்னா எழுந்து நின்னுக்கலாம். காலையில ஒம்பதரையிலேருந்து கோர்ட்ல நின்னுட்டே இருந்தேன், இப்ப உக்காந்தா உக்காரவும் முடியலை. இந்தப் பஸ் எத்தனை மணிக்குப் போய்ச் சேரும்? கண்டக்டரைக் கேட்டேன், அவர் பதிலே சொல்லலை.

நீங்க கோர்ட்டுக்கு வந்தீங்களா? இல்லையா. ஆஸ்பத்திரிக்கா. நல்லது. நல்லதுன்னா தப்பா எடுத்துக்காதீங்க, கோர்ட்டுக்கு வராதது நல்லதுன்னு சொன்னேன்.

நான் போலீஸ்ல இருந்தவன் சார். பேரு கலியமூர்த்தி. ரிட்டயர் ஆகி ரெண்டு வருஷம் ஆச்சு. முப்பத்தோரு வருஷ சர்வீஸ்ல பதினாலு வருஷம் ஸ்டேஷன் ரைட்டர். லத்தியை நான் தொட்டதே குறைவு, பேனாதான் எப்பவும். எந்த ஸ்டேஷன்னு மட்டும் கேக்காதீங்க. யார்கிட்டயும் எதுவும் பேசக் கூடாதுன்னு என் வக்கீல் இம்மானுவேல் சொல்லியிருக்கார். இன்னைக்குக் கோர்ட்டு வாசல்லகூட சொன்னார், "ஏட்டய்யா, பஸ்ல போறப்பகூட வாயைத் திறக்காதீங்க"ன்னு. நான் என்ன பேசப் போறேன்? நான் பேசற ஆளே இல்லை.

ஸ்டேஷன் ரைட்டர்னா என்ன வேலைன்னு தெரியுமா உங்களுக்கு? எஃப்.ஐ.ஆர். எழுதறது, டைரி எழுதறது, அதெல்லாம் உண்டு. ஆனா முக்கியமான வேலை ஒப்புதல் வாக்குமூலம். ஒரு ஆளைப் பிடிச்சுட்டு வந்தா அவன் சொல்றதை எழுதணும். அவன் எங்க சார் ஒழுங்காச் சொல்வான்? அழுவான், உளறுவான், அம்மா மேல சத்தியம்பான். அதையெல்லாம் எழுத முடியுமா? நாமதான் கோர்வையா எழுதணும். "நான் மேற்படி முகவரியில் குடும்பத்துடன் வசித்து வருகிறேன். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. குடும்ப வறுமை காரணமாக"ன்னு ஆரம்பிச்சு, கடைசியில, "என்னை அழைத்துச் சென்றால் மறைத்து வைத்த இடத்தைக் காட்டி எடுத்து ஆஜர் செய்கிறேன்"னு முடிக்கணும். அந்தக் கடைசி வரிதான் சார் உயிர். மீதியெல்லாம் கோர்ட்ல நிக்காது. போலீஸ்கிட்ட ஒத்துக்கிட்டது செல்லாதுன்னு சட்டம் இருக்கு. ஆனா அந்த ஒரு வரி நிக்கும், ஏன்னா பொருளை எடுத்துட்டோம் இல்லையா.

என் எழுத்து முத்து முத்தா இருக்கும். பக்கத்து ஸ்டேஷன்லேருந்தெல்லாம் வந்து என் வாக்குமூலத்தைப் பார்த்து எழுதிக்கிட்டுப் போவாங்க. பேரை மட்டும் மாத்திக்கிட்டா போதும். அப்படி ஒரு பேரு எனக்கு.

எல்லாத்தையும் ஒரு பொம்பளை கெடுத்துட்டா.

கெடுத்துட்டான்னு சொல்லக் கூடாதுதான். அந்தம்மா ஒண்ணுமே பண்ணலை. அதுதான் சார் பிரச்சினை. ஒண்ணுமே பண்ணலை, ஒண்ணுமே பேசலை.

தனபாக்கியம்னு பேரு. மாஜிஸ்ட்ரேட் கோர்ட்ல கூட்டிப் பெருக்கற வேலை. அப்ப நாப்பத்தேழு வயசு இருக்கும். வழக்குல பிடிச்ச நகை, கத்தி, செல்போன் எல்லாத்தையும் கோர்ட்ல ஒரு அறையில பூட்டி வைப்பாங்க. அந்த அறையிலேருந்து ஒரு தங்கச் சங்கிலி காணாமப் போச்சு. வழிப்பறி கேஸ்ல நாங்களே பிடிச்சுக் குடுத்த சங்கிலி. கோர்ட்ல வச்ச பொருள் கோர்ட்லயே காணோம்னா சும்மா விடுவாங்களா? மேலேருந்து போன் மேல போன். எங்க இன்ஸ்பெக்டர் பூவராகன் சார் மூஞ்சி சிவந்துபோச்சு. "நாலு நாள்ல முடிக்கணும் கலியமூர்த்தி"ன்னார்.

அறைச் சாவி கிளார்க்கிட்ட இருந்துச்சு. ஆனா உள்ளே போய்க் கூட்டறது தனபாக்கியம். கிளார்க்கைத் தொட்டா சங்கம் கொடி பிடிக்கும், கூட்டறவளுக்கு யார் கொடி பிடிப்பா? இது நான் சொன்னதில்லை சார், இன்ஸ்பெக்டர் சொன்னது. நான் தலையை ஆட்டினேன். வேற என்ன பண்ண முடியும், அவர் இன்ஸ்பெக்டர், நான் ஏட்டு.

திங்கக்கிழமை மத்தியானம் விசாரணைக்குன்னு கூட்டிட்டு வந்தோம். அரெஸ்ட் காட்டினது வியாழக்கிழமை. மொத்தம் நாலு நாள்... அது விசாரணை சார். விசாரணைன்னா அப்படித்தான். ராத்திரி பக்கத்துல இருக்கற மகளிர் ஸ்டேஷன்ல வச்சுட்டு, காலையில இங்க கூட்டியாந்துடுவோம்.

வந்ததும் அந்தம்மா ஒரே வார்த்தைதான் சொன்னா. "நான் எடுக்கலைங்க ஐயா." இன்ஸ்பெக்டர் கேட்டார், "யார்கிட்டக் குடுத்தே?" "நான் எடுக்கலைங்க." "எங்க வச்சிருக்கே?" "எடுக்கலைங்க." நான் பேனாவைத் திறந்து வச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். எழுதறதுக்கு ஒண்ணுமே இல்லை. அப்புறம் அந்தம்மா என் பேப்பரைப் பார்த்தா. வெறும் பேப்பர். என் மூஞ்சியைப் பார்த்தா. அதோட வாயை மூடினவதான்.

செவ்வாய்க்கிழமை இன்ஸ்பெக்டர் மேஜையைத் தட்டினார். "பதில் சொல்லுடி!"

அந்தம்மா நிதானமாச் சொன்னா, "எனக்கு எதிராப் போற கேள்விக்கு நான் பதில் சொல்லணும்னு சட்டம் இல்லைங்க ஐயா. வக்கீல் வந்தா பேசறேன்."

எப்படி இருந்திருக்கும் எங்களுக்கு? பெரிய பெரிய ரவுடியெல்லாம் எங்க முன்னாடி கையைக் கட்டிட்டு நிப்பான். ஒருத்தன் வாயிலயும் சட்டம்ங்கற வார்த்தை வந்ததில்லை. எங்க கத்துக்கிட்டான்னா, பத்தொம்பது வருஷமா அந்தக் கோர்ட் வராந்தாவைக் கூட்டியிருக்கா. வக்கீலுங்க கட்சிக்காரங்களுக்குச் சொல்லிக் குடுக்கறதைத் துடைப்பத்தோட நின்னு கேட்டிருக்கா. மாஜிஸ்ட்ரேட் சொல்றதைக் கேட்டிருக்கா. "நீ பேசணும்னு கட்டாயம் இல்லைப்பா, பேசினா உனக்கு எதிராவே வரும்"னு. நான்கூட எத்தனை தடவை அதே வராந்தாவுல கைதியோட நின்னிருப்பேன், என் காதுல அது விழுந்ததே இல்லை. விழுந்திருக்கும், ஏறலை.

அதுக்கப்புறம் கோவம் வருமா வராதா, நீங்களே சொல்லுங்க. நிக்க வச்சோம். அடிக்கலை சார், அடிச்சதா யாரும் சொல்ல முடியாது. ஜெயக்கொடின்னு ஒரு பெண் கான்ஸ்டபிள், அது ரெண்டு தடவை... அது அடியே இல்லை, சும்மா. மத்தபடி நின்னா, அவ்வளவுதான். செவ்வாய், புதன் ரெண்டு நாளும் பகல் முழுக்க. கால் வீங்கிடுச்சு. எனக்கே பார்க்கப் பாவமா இருந்துச்சு. ஸ்டேஷன்ல நாற்காலியும் பத்தாது பாருங்க.

கொஞ்சம் ஜன்னலைத் திறங்களேன், காத்தே வரலை. வேண்டாம், வெயில் அடிக்குது. இருக்கட்டும்.

புதன்கிழமை சாயங்காலம், மணி நாலு இருக்கும், நான்தான் டீ வாங்கிக் குடுத்தேன். யாரும் சொல்லிக் குடுக்கலை, நானா குடுத்தேன். எனக்கும் மனசு இருக்கில்ல? "குடிம்மா"ன்னேன். அந்தம்மா டம்ளரை வாங்கி ரெண்டு வாய் குடிச்சிருப்பா. நான் மதியமே வாக்குமூலத்தை எழுதி முடிச்சு மேஜையில வச்சிருந்தேன். அவ பேசினாதான் எழுத முடியும்னு இல்லையே, எனக்கு மனப்பாடம். இன்ஸ்பெக்டர் கண்ணைக் காட்டினார். வலது கையில டம்ளர் இருக்கு. ஜெயக்கொடி இடது கையைப் பிடிச்சா. நான் மை டப்பாவை நீட்டினேன். பெருவிரல் ரேகை விழுந்துடுச்சு.

நான் கையைப் பிடிக்கலை சார். மை டப்பாவை நீட்டினேன், அவ்வளவுதான். அதுவும் டீ சிந்திடப் போகுதேன்னு இன்னொரு கையால டம்ளரைப் பிடிச்சுக்கிட்டேன்.

மறுநாள் காலையில ஜீப்ல அவ வீட்டுக்குப் போனோம். ஒரே அறை. வீட்டுக்காரர் அர்ச்சுனன் மார்க்கெட்ல மூட்டை தூக்கறவர், வேலைக்குப் போகாம வாசல்லயே உக்காந்திருந்தார், பொண்டாட்டி எப்ப வருவான்னு. அரிசி வைக்கிற ட்ரம்மை நகர்த்தச் சொன்னார் இன்ஸ்பெக்டர். நான்தான் குனிஞ்சு சங்கிலியை எடுத்தேன். எடுத்தேன்னா... இருந்துச்சு, எடுத்தேன். அதுக்கு முன்னாடி அது எந்த அடகுக் கடையில இருந்துச்சு, யார் சட்டைப் பையில வந்துச்சு, அதெல்லாம் எதுக்கு இப்ப. அதைப் பத்தி மட்டும் மூச்சு விடாதீங்கன்னு இம்மானுவேல் சொல்லியிருக்கார். விடுங்க.

அர்ச்சுனன் அந்தச் சங்கிலியைப் பார்த்தார். பொண்டாட்டியைப் பார்த்தார். "ஏன்டி?"ன்னார். சத்தமாக்கூட இல்லை.

அந்தம்மா சொன்னா, "உனக்குமா நான் சொல்லணும்?"

அவ்வளவுதான் சார். அந்த நாலு நாள்ல எங்க கேள்வி எதுக்கும் ஒடையாத மூஞ்சி, அங்க ஒடைஞ்சுச்சு. எனக்கு இன்னைக்கும் அது கண்ணுல நிக்குது. அந்த ஆளு அன்னைக்கே துணியை எடுத்துக்கிட்டு அக்கா வீட்டுக்குப் போயிட்டாராம். நாம என்ன பண்ண முடியும், புருஷன் பொண்டாட்டிக்குள்ள நம்பிக்கை இல்லைன்னா?

ரிமாண்டுக்குக் கொண்டு போனோம். இலவச சட்ட உதவின்னு ஒரு சின்ன வயசு வக்கீல் பொண்ணு வந்து நின்னுச்சு. என் வாக்குமூலத்தை வாங்கிப் படிச்சுது. படிச்சுட்டு ஒரு மாதிரி சிரிச்சுது. எனக்குப் புரியலை. ஜாமீன் மனு வந்தப்பதான் புரிஞ்சுது. கோர்ட் வருகைப் பதிவேட்டைக் கேட்டு வாங்கி வச்சுடுச்சு அந்தப் பொண்ணு. பத்தொம்பது வருஷப் பதிவேடு சார். தினம் காலையில, "அ. தனபாக்கியம்". வளைவு சுழியெல்லாம் சுத்தமா. எட்டாவது வரைக்கும் படிச்சிருக்கா. நான் என்ன எழுதியிருக்கேன்? "எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது." கீழே ரேகை.

பழக்கதோஷம் சார். ஆயிரம் வாக்குமூலத்துல எழுதின வரி. கை தானா எழுதிடுச்சு. கூட்டற பொம்பளைக்குக் கையெழுத்துத் தெரியும்னு யார் நினைப்பா? கேட்டிருக்கலாம்தான். கேட்டா அவ பதில் சொல்லியிருக்க மாட்டா, அப்பத்தான் வாயை மூடிக்கிட்டாளே!

இருபத்து மூணு நாள் ஜெயில்ல இருந்துட்டு ஜாமீன்ல வந்தா. அதோட போயிருந்தாக்கூட பரவாயில்லை. ஏழு மாசம் கழிச்சு அந்தக் கோர்ட்டுக்குப் புது கிளார்க் வந்தார். கட்டுக் கட்டா எல்லாத்தையும் பிரிச்சுச் சரிபார்த்தார். ஒரு பழைய கேஸ் கவருக்குள்ள இன்னொரு கவர். அதுக்குள்ள அந்தச் சங்கிலி. சீல் உடையாம, எங்க ஸ்டேஷன் முத்திரையோட, என் கையெழுத்தோட. தப்பான கவர்ல போட்டுட்டாங்க, அவ்வளவுதான். யாரும் திருடவே இல்லை.

அப்ப நாங்க எடுத்தது எந்தச் சங்கிலி?

அதைத்தான் சார் கேட்டாங்க. ஹைகோர்ட் வரைக்கும் கேட்டாங்க. அந்தம்மா மேல இருந்த கேஸ் போச்சு, வேலையைத் திரும்பக் குடுத்தாங்க. எங்க மேல கேஸ் வந்துச்சு. கோர்ட் பாஷையில பூவராகன் சார் முதல் எதிரி, நான் ரெண்டாவது, ஜெயக்கொடி மூணாவது. எட்டு வருஷமா ஓடுது. ரிட்டயர் ஆகிட்டேன், கேஸ் இன்னும் ரிட்டயர் ஆகலை. வீட்ல உக்காந்தா எழுந்திருக்கத் தோணுது, எழுந்தா வெளியே போகத் தோணுது. டீக்கடையில, சலூன்ல, யாராவது கிடைச்சா இதையே பேசறேனாம். என் சம்சாரம் கற்பகம் சொல்றா, "ஊர்ல இதைத் தெரியாதவங்க யாரும் மிச்சம் இல்லை, போதும் நிறுத்துங்க"ன்னு. நான் அவ்வளவெல்லாம் பேசலை. நீங்க கேக்கறீங்க, சொல்றேன்.

ஒரு தப்புப் பண்ணினேன். தப்பான்னு தெரியலை. இம்மானுவேல் தலையில அடிச்சுக்கிட்டார். அந்தம்மா சாட்சி சொல்றதுக்குப் பத்து நாள் முன்னாடி நான் அவ வீட்டுக்குப் போனேன். மிரட்டலை சார். பிஸ்கெட் வாங்கிட்டுப் போனேன். ஒரு சாயந்தரம் போய் நின்னேன். அர்ச்சுனன்தான் கதவைத் திறந்தார். சங்கிலி கிடைச்சதும் திரும்பி வந்துட்டாராம். உள்ளே விட்டா, சோறு போடறா, ஆனா பேசறதில்லைன்னு பக்கத்து வீட்டுல சொன்னாங்க. அந்த ஆளு எனக்குச் சொம்புல தண்ணி குடுத்துட்டு ஒரு ஓரமாப் போய் உக்காந்துட்டார், ஏதோ அவர்தான் விருந்தாளி மாதிரி.

அந்தம்மா பாத்திரம் கழுவிட்டு இருந்தா. என்னைப் பார்த்துட்டுக் கையைத் துடைச்சுக்கிட்டு வந்து நின்னா. நான் சொன்னேன், "தனபாக்கியம், நடந்தது நடந்துபோச்சு. ரேகையை நீயாவே வச்சேன்னு ஒரு வார்த்தை சொல்லிடு. மீதி என்ன வேணா சொல்லிக்கோ. எனக்குப் பென்ஷன் முழுசா வராம நிக்குது."

பேசாம நின்னா.

எனக்கு எரிச்சல் வந்துடுச்சு. "இப்படியேதான் அன்னைக்கும் நின்னே. வாயைத் திறந்து பேசியிருந்தா உனக்கும் இந்தக் கஷ்டம் இல்லை, எனக்கும் இல்லை"ன்னேன்.

அப்பத்தான் கேட்டா. "திங்கக்கிழமை மூணு தடவை எடுக்கலைன்னு சொன்னேனே ஐயா. அதை எழுதினீங்களா?"

"அதை எப்படிம்மா எழுதறது? இல்லைன்னு சொல்றதை எழுதற வழக்கம் இல்லை"ன்னேன். உண்மையைத்தான் சொன்னேன்.

"அப்ப நான் பேசினாலும் பேசாட்டியும் நீங்க எழுதறதைத்தான் எழுதப் போறீங்க. என் பேச்சு என்கிட்டயாவது இருக்கட்டும்னு வச்சுக்கிட்டேன்"ன்னா. அப்புறம், "பிஸ்கெட்டை எடுத்துக்கிட்டுப் போங்க"ன்னா.

அர்ச்சுனன் தலையைக் குனிஞ்சுக்கிட்டே உக்காந்திருந்தார். அவருக்கும் சேர்த்துத்தான் சொன்ன மாதிரி இருந்துச்சு. நான் வெளியே வந்து தெருமுனை வரைக்கும் வந்துட்டேன். அப்புறம் திரும்பிப் போகலாமான்னு நினைச்சேன். போய் என்ன சொல்றது? அதுவும் தெரியலை. பிஸ்கெட்டைப் பஸ் ஸ்டாண்டுல ஒரு கிழவருக்குக் குடுத்தேன்.

சாட்சிக் கூண்டுல அந்தம்மா ஏறினப்ப நான் நினைச்சேன், இங்கயும் பேசாம நிக்கப் போறான்னு. ஒரு மணி நேரம் பேசினா சார்! எந்த நாள், எந்த நேரம், யார் எங்க நின்னாங்க, ஒண்ணு விடலை. குறுக்கு விசாரணையில பூவராகன் சாரோட வக்கீல் எப்படியெல்லாமோ திருப்பிப் பார்த்தார். அசையலை. என்னைப் பத்திக் கேட்டப்ப, "கலியமூர்த்தி ஐயா டீ வாங்கிக் குடுத்தார்"ன்னா. எனக்குக் கண்ணே கலங்கிடுச்சு, பரவாயில்லையே, நல்லதையும் சொல்றாளேன்னு. அடுத்த வரி சொன்னா. "வலது கையில டம்ளர் இருந்துச்சு. அப்ப இடது கையைப் பிடிச்சு ரேகை வச்சாங்க. டீ சிந்தாம ஐயா டம்ளரைப் பிடிச்சுக்கிட்டார்."

டீ வாங்கிக் குடுத்தது ஒரு குத்தமா சார்? நான் வேற எண்ணத்துல குடுக்கவே இல்லை. குடுக்கறப்ப இல்லை. நிஜமா இல்லை. இருந்தாலும், அன்னைக்கு மதியம் அந்த வாக்குமூலத்தை எழுதி முடிச்சப்ப ரேகைக்கு இடம் விட்டுத்தானே எழுதினேன்... என்ன சொல்ல வந்தேன்? ஆங், இன்னைக்கு.

இன்னைக்கு எங்களைக் கேள்வி கேக்கற நாள். சாட்சியெல்லாம் முடிஞ்சதும் எதிரியைக் கூப்பிட்டு, "உனக்கு எதிரா இப்படி இப்படிச் சொல்லியிருக்காங்க, நீ என்ன சொல்றே?"ன்னு கோர்ட்டே கேக்கும். சத்தியம் வாங்க மாட்டாங்க. மொத்தம் இருபத்தெட்டுக் கேள்வி. இம்மானுவேல் காலையில சொல்லிக் குடுத்தார். "எல்லாத்துக்கும் 'பொய்'னு சொல்லுங்க. அதுக்கு மேல ஒரு எழுத்து வேண்டாம். உங்களுக்குப் பேச ஆரம்பிச்சா நிறுத்தத் தெரியாது."

முதல்ல பூவராகன் சாரைக் கூப்பிட்டாங்க. தலையெல்லாம் நரைச்சுப் போச்சு அவருக்கு. கேள்விக்குக் கேள்வி தெளிவாச் சொல்லிக்கிட்டே வந்தார். "வாக்குமூலம் எழுதினது ரைட்டர். எனக்கு வேற பந்தோபஸ்து டூட்டி இருந்தது. அவர் எழுதி வச்சிருந்ததில் நம்பிக்கையின் பேரில் கையெழுத்துப் போட்டேன்."

என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கலை சார். அந்த ஆளு பொண்ணு கல்யாணத்துல மூணு நாள் பந்தியில நின்னு பரிமாறினவன் நான்.

அடுத்து என் பேரைக் கூப்பிட்டாங்க. மாஜிஸ்ட்ரேட் ஒரு பொம்பளை, என் பொண்ணு வயசுதான் இருக்கும். ஒண்ணாவது கேள்வி, "பொய்." ரெண்டாவது, "பொய்." பதினாறு வரைக்கும் போயிட்டேன். நல்லாத்தான் போச்சு. பதினேழாவது கேள்வியை அவங்க படிச்சாங்க. "தனபாக்கியம் தன் கையில் தேநீர் டம்ளர் வைத்திருந்தபோது, அவருடைய விருப்பத்துக்கு மாறாக இடது கைப் பெருவிரல் ரேகை எடுக்கப்பட்டதாகவும், அப்போது நீங்கள் அந்த டம்ளரைப் பிடித்துக்கொண்டதாகவும் சாட்சியம் அளித்திருக்கிறார். அது பற்றி என்ன சொல்கிறீர்கள்?"

பொய்னு சொல்ல வாயைத் திறந்தேன். வரலை. சொல்லணும்னு வந்ததெல்லாம் வேற. இன்ஸ்பெக்டர் கண்ணைக் காட்டினார்னு சொல்லணும். சொன்னா மை டப்பா என் கையில இருந்துச்சுன்னு ஆகிடும். ஜெயக்கொடிதான் பிடிச்சான்னு சொல்லணும். சொன்னா நான் அங்க நின்னேன்னு ஆகிடும். எந்தப் பக்கம் போனாலும் நான்தான் வந்து நிக்கறேன். பின்னாடி இம்மானுவேல் இருமறார். பெஞ்சுல பூவராகன் சார் முதல் தடவையா என்னைப் பார்க்கறார்.

மாஜிஸ்ட்ரேட் பேனாவைக் கீழே வச்சாங்க. நான் நினைச்சேன், சரி, இப்ப மேஜையைத் தட்டப் போறாங்கன்னு. எனக்குத் தெரிஞ்சது அதுதானே. தோளைக்கூட குறுக்கிக்கிட்டேன்.

"நீங்க பதில் சொல்லியே ஆகணும்னு இல்லைங்க"ன்னாங்க. "சொல்லலைன்னா அதுக்காகத் தண்டனை எதுவும் கிடையாது. ஆனா சொல்றதை வழக்குல எடுத்துக்குவோம். அவசரம் இல்லை, யோசிச்சுச் சொல்லுங்க. உக்காரணுமா? தண்ணி குடிக்கிறீங்களா?"

டவாலி ஒரு நாற்காலியைக் கொண்டு வந்து போட்டார். தண்ணி கொண்டு வந்து குடுத்தார். நான் உக்காந்தேன். டம்ளர் என் கையில இருக்கு. சார், ஒருத்தரும் என் இன்னொரு கையைத் தொடலை. அந்தத் தண்ணியை முழுசாக் குடிச்சு முடிக்கிற வரைக்கும் அந்த ரூமே காத்துக்கிட்டு இருந்துச்சு. எனக்கு அதுதான் தாங்கலை. யாராவது அதட்டியிருந்தா சொல்லியிருப்பேன். திட்டியிருந்தா திருப்பிச் சொல்லியிருப்பேன்.

எத்தனை நேரம் உக்காந்திருந்தேன்னு தெரியலை. தலையை ஆட்டினேன், முடியலைன்னு. பேசாம இருந்தேன். நான்! பஸ்ல ஏறினதுலேருந்து உங்ககிட்ட இப்படிப் பேசிட்டு வர்றேனே, இதுல ஒரு வார்த்தைகூட அங்க வரலை.

அவங்க டைப் பண்றவரைப் பார்த்து மெதுவாச் சொன்னாங்க. அப்புறம் பதினெட்டாவது கேள்விக்குப் போயிட்டாங்க. மீதியெல்லாத்துக்கும் என்ன சொன்னேன்னு ஞாபகம் இல்லை. பொய்னுதான் சொல்லியிருப்பேன். தீர்ப்பு எப்பன்னு கேட்டதுக்கு, வாதம் முடியட்டும், அடுத்த மாசம்னாங்க. உள்ளே போவேன்னு இம்மானுவேல் சொல்லலை. போக மாட்டேன்னும் சொல்லலை.

நீங்க அடுத்த ஸ்டாப்பா? பையை எடுத்துக்கறீங்களா? இருங்க, வண்டி நிக்கட்டும். இன்னும் பாலம் தாண்டணும், நேரம் இருக்கு. ஒண்ணே ஒண்ணு சொல்லிடறேன்.

கடைசியில கையெழுத்துப் போடறதுக்கு அந்தப் பேப்பரை என்கிட்டக் குடுத்தாங்க. படிச்சுப் பார்த்துப் போடுங்கன்னாங்க. மத்தவங்க எல்லாம் படிக்காம போட்டுடுவாங்க. நான் படிச்சேன். இந்த வேலையிலேயே இருந்தவன் இல்லையா, ஒவ்வொரு வரியாப் படிச்சேன். பதினேழாவது கேள்வி வந்துச்சு. அதுக்குக் கீழே என்ன எழுதியிருந்துச்சு தெரியுமா? "பதில் இல்லை." ரெண்டே வார்த்தை. ஒரு புள்ளி. அதுக்குக் கீழே கொஞ்சம் வெறும் இடம்.

நான் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன் சார். பேனா என் கையில இருந்திருந்தா அந்த இடத்துல இருபது வரி எழுதியிருப்பேன். குடும்ப வறுமை காரணமாகன்னு எழுதியிருப்பேன். அழைத்துச் சென்றால் காட்டுகிறேன்னு எழுதியிருப்பேன். அவங்க எழுதலை. நான் ஒண்ணும் சொல்லலை, அவங்க ஒண்ணும் எழுதலை. நான் சொல்லாத ஒரு எழுத்துக்கூட அந்தப் பேப்பர்ல இல்லை.